மூளைச் சீவல் கிழிந்தால் கை மட்டும்தான் காரணமா?

கேள்வி: நான் கடலூர் மஞ்சக்குப்பத்தைச் சேர்ந்தவள். எம்.எஸ்சி. விலங்கியல் முடித்து, புதுச்சேரியில் ஒரு நரம்பியல் ஆய்வகத்தில் டெக்னீஷியனாகச் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. எலி மூளையை கிரையோஸ்டாட்டில் (உறைந்த திசுவை மெலிதாகச் சீவும் குளிர் இயந்திரம்) வெட்டி, சாயம் ஏற்றி, ஸ்லைடு தயாரிப்பதுதான் வேலை. சில மூளைகள் அழகாக வெட்டுப்படுகின்றன. சில, ரவா தோசை மாதிரி ஓட்டை ஓட்டையாக வந்து, பிரஷ் பட்டதுமே கிழிகின்றன. சாயம் ஏற்றினால் ரத்தக் குழாய்களெல்லாம் பழுப்பாகத் தெரிகின்றன. மழை தொடங்கியதிலிருந்து ஸ்லைடுகள் பால் தெளித்தது போல மங்குகின்றன. விலங்கு அறை எங்களுக்கு வெள்ளிக்கிழமைதான் கிடைக்கும். அன்று மாலை மூளையை எடுத்து பி.எஃப்.ஏ.வில் (திசு கெடாமல் நிலைநிறுத்தும் ஃபார்மால்டிஹைடு கரைசல்) போட்டுவிட்டு ஊருக்குப் போவேன். திங்கள் காலை சுக்ரோஸுக்கு (சர்க்கரைக் கரைசல்) மாற்றுவேன். செவ்வாய் மாலை ஓ.சி.டி. (மூளையைச் சுற்றி உறைந்து கட்டியாகும் பசை) ஊற்றி −20 ஃப்ரீசரில் உறைய வைத்து, புதன்கிழமை வெட்டுவேன். "உனக்குக் கை வரவில்லை" என்கிறார் சார். வீட்டில் பி.எட். சேரச் சொல்கிறார்கள். எலியைக் கொல்வது பாவம் என்கிறார் பாட்டி. என் கைதான் காரணமா? இந்த வேலையில் இருக்கலாமா?

பதில்: கடிதத்தில் கிழமைகளோடு எழுதியது மிகவும் உதவியாக இருந்தது. பதில் அந்தக் கிழமைகளில்தான் இருக்கிறது.

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். அதே பிளேடு, அதே இயந்திரம், அதே கை. ஒரு மூளை நன்றாக வருகிறது, அடுத்தது கிழிகிறது. கை வராதவருக்கு எல்லா மூளையுமே கிழியும். மூளைக்கு மூளை மாறுகிறது என்றால், பிளேடுக்கு வருவதற்கு முன்பே அந்த மூளைக்கு ஏதோ நடந்துவிட்டது என்று பொருள். இந்த வேலையில் பெரும்பாலான கோளாறுகள் இப்படித்தான். வெள்ளிக்கிழமை செய்த பிழை புதன்கிழமைதான் கண்ணுக்குத் தெரியும்.

ஓட்டைகளை எடுத்துக்கொள்வோம். அவை பனிக்கட்டி இருந்த இடங்கள். மூளையில் பெரும்பகுதி நீர். அது மெதுவாக உறைந்தால் பெரிய படிகங்களாக வளர்ந்து திசுவைக் குத்திக் கிழிக்கும். வெட்டிய பின் பனி உருகிவிடும், ஓட்டை நிற்கும். இதைத் தடுக்க இரண்டு காவல்கள் உண்டு. ஒன்று, 30 சதவீத சுக்ரோஸ் திசுவிலிருந்து நீரை இழுத்துத் தானும் உள்ளே இறங்குவது. மற்றொன்று, வேகமாக உறைய வைப்பது. உங்கள் அட்டவணையில் இரண்டுமே தவறுகின்றன.

சுக்ரோஸுக்கு நீங்கள் கொடுப்பது ஒன்றரை நாள். வளர்ந்த எலியின் மூளை ஏறக்குறைய 2 கிராம் இருக்கும். அதற்கு 4 டிகிரியில் இரண்டு முதல் நான்கு நாள் தேவை. ஆனால் நாள்கணக்கை நம்ப வேண்டாம், மூளையையே பாருங்கள். போட்டதும் மிதக்கும். சுக்ரோஸ் உள்ளே இறங்க இறங்க அடியில் போய் உட்காரும். அடியில் உட்கார்ந்த பின் குப்பியை லேசாகச் சாய்த்தாலும் மேலே எழும்பக் கூடாது. அதுதான் அடையாளம். ஒரு மூளைக்கு 25 முதல் 30 மி.லி. கரைசல் ஊற்றி, முதல் நாளுக்குப் பிறகு ஒருமுறை புதிதாக மாற்றுங்கள். திசுவிலிருந்து வரும் நீர் கரைசலை நீர்த்துப்போகச் செய்வதால் இது அவசியம். சிறிய எலியின் மூளை சீக்கிரம் மூழ்கும். உங்களுக்கு "அழகாக வந்த" மூளைகள் எந்த எலிகளுடையவை என்று எடைப் பதிவேட்டைப் பாருங்கள். எடை குறைந்தவையாக இருந்தால், அவை மட்டும் செவ்வாய் மாலைக்குள் மூழ்கியிருக்கின்றன.

அடுத்தது உறைய வைப்பது. −20 ஃப்ரீசரில் ஓ.சி.டி. கட்டி உறைய வெகுநேரம் ஆகும். படிகம் வளர அதைவிட வசதியான சூழ்நிலை கிடையாது. ஐசோபென்டேனை ஒரு உலோகக் குவளையில் ஊற்றி, டிரை ஐஸ் நடுவில் வைத்து −40 முதல் −50 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். மூளையின் மேலுள்ள சுக்ரோஸை வடிதாளில் ஒற்றியெடுத்து, மெதுவாக இறக்கி, ஒரு நிமிடம் அளவில் எடுத்துவிடுங்கள். நேராகத் திரவ நைட்ரஜனில் முக்காதீர்கள். வெளிப்புறம் முதலில் கெட்டியாகி, உட்புறம் உறையும்போது விரிவதால் மூளை வெடித்துவிடும். ஐசோபென்டேனின் கொதிநிலை 28 டிகிரிதான். புதுச்சேரியில் மே மாதம் ஏ.சி. இல்லாத அறையில் அது தானாகவே கொதிக்கும், எளிதில் தீப்பிடிக்கும். பாட்டிலைக் குளிரவைத்த பின், ஃப்யூம் ஹூடுக்குள்தான் திறக்க வேண்டும். அருகில் தீப்பொறி எதுவும் கூடாது. டிரை ஐஸ் மட்டும்தான் கிடைக்கிறது என்றால் அதை நன்றாகப் பொடித்து, மூளையைச் சுற்றி மூடினாலும் −20 ஃப்ரீசரைவிடப் பல மடங்கு நன்றாக வரும்.

இப்போது வெள்ளி மாலை முதல் திங்கள் காலை வரை. அது அறுபது மணி நேரத்துக்கும் மேல். பி.எஃப்.ஏ.வில் ஒரு இரவு, மிஞ்சினால் 24 மணி நேரம் போதும். அதைத் தாண்டினால் புரதங்கள் ஒன்றோடொன்று மேலும் மேலும் பின்னிக்கொள்ளும். ஆன்டிபாடி (குறிப்பிட்ட புரதத்தை மட்டும் தேடிப் பிடிக்கும் மூலக்கூறு) தேடுகிற இடம் மறைந்துபோகும், திசுவும் மொறுமொறுப்பாகும். சாயம் வெளிறி வருவதாக நீங்கள் எழுதவில்லை. பதிவேட்டைப் புரட்டினால் அதுவும் தென்படலாம். அப்படியிருந்தால், ஏற்கெனவே வெட்டிய சீவல்களை, அதாவது செக்‌ஷன்களை 10 மில்லிமோலார் சோடியம் சிட்ரேட்டில் 80 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து, அதே கரைசலில் ஆறவிட்டு, பிறகு சாயம் ஏற்றிப் பாருங்கள். பல ஆன்டிபாடிகளுக்கு இது பலன் தரும். முதலில் வீணாகப்போகிற இரண்டு செக்‌ஷனில் முயன்று பாருங்கள்.

ஆக, கேட்க வேண்டியது விலங்கு அறையின் கிழமை மாற்றத்தை. திங்கட்கிழமை பெர்ஃப்யூஷன் (மயக்கிய எலியின் ரத்தத்தை இதயம் வழியே உப்புநீரால் வெளியேற்றி, பி.எஃப்.ஏ. செலுத்துவது), செவ்வாய் காலை சுக்ரோஸ், புதன் கரைசல் மாற்றம், வெள்ளி மூழ்கியதும் உறைய வைத்து −80. வெட்டுவது அடுத்த வாரம். நீங்கள் சனி, ஞாயிறு ஊரில் இருந்தாலும் மூளைக்கு ஒன்றும் ஆகாது. திங்கள் கிடைக்கவே இல்லை என்றால், சனிக்கிழமை மாலை பி.எஃப்.ஏ.விலிருந்து சுக்ரோஸுக்கு மாற்ற யாராவது ஒருவர் பத்து நிமிடம் ஒதுக்க வேண்டும். கடலூரிலிருந்து பஸ் ஏறி நீங்களே வர வேண்டும் என்பதில்லை. விடுதியில் இருக்கும் ஆராய்ச்சி மாணவர் செய்யலாம். குப்பியில் எலியின் எண்ணும் மாற்ற வேண்டிய மணியும் எழுதியிருந்தால் போதும்.

ரத்தக் குழாய்களின் பழுப்பு வேறு கதை. அது பெர்ஃப்யூஷனில் தொடங்குகிறது. டி.ஏ.பி. என்ற சாயப்பொருளைப் பழுப்பாக்குவது, ஆன்டிபாடியோடு ஒட்டியிருக்கும் பெராக்சிடேஸ் என்ற நொதி. சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினும் அதே வேலையைச் செய்யும். ரத்தம் முழுவதும் வெளியேறாத மூளையில் ஆன்டிபாடியே போடாவிட்டாலும் குழாய்கள் பழுப்பாகும். சந்தேகம் இருந்தால் முதல் ஆன்டிபாடி போடாமல் ஒரு செக்‌ஷனை மற்ற எல்லாப் படிகளிலும் கொண்டுபோங்கள். அதிலும் குழாய்கள் தெரிந்தால் குற்றவாளி ரத்தம்தான். சாயம் ஏற்றும் முன் 0.3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் அரை மணி நேரம் வைப்பது இதைக் குறைக்கும். முழுதாகத் தீர்க்காது.

தீர்வு எலியின் இதயத்தருகே இருக்கிறது. இதைச் செய்பவர் நெறிமுறைக் குழு அனுமதித்த திட்டத்தில் பெயர் உள்ளவராக, பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும். மயக்கம் முழுமையாக ஆழ்ந்த பின், பாதத்தைக் கிள்ளினால் கால் இழுக்காத நிலையில்தான் தொடங்க வேண்டும். உதரவிதானத்தை வெட்டியதும் எலியால் மூச்சு விட முடியாது. அதிலிருந்து ஒரு நிமிடத்துக்குள் ஊசி இடது கீழறையில் இருக்க வேண்டும், வலது மேலறை வெட்டப்பட்டிருக்க வேண்டும். தாமதமானால் ரத்தம் நுண்குழாய்களில் உறைந்துவிடும், பிறகு எவ்வளவு ஊற்றினாலும் போகாது. முதலில் 0.9 சதவீத உப்புநீர், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் மி.லி.க்கு 10 யூனிட் சேர்த்து, 150 முதல் 200 மி.லி. அது அறை வெப்பத்திலேயே இருக்கட்டும். பனி போலக் குளிர்ந்திருந்தால் குழாய்கள் சுருங்கும். வெளிவரும் திரவம் தெளிந்த பின் 4 சதவீத பி.எஃப்.ஏ., 250 முதல் 300 மி.லி. பம்ப் இல்லாமல் பாட்டிலைத் தொங்கவிடுகிறீர்கள் என்றால் எலியிலிருந்து நான்கு அடி உயரம் வையுங்கள். அது ஏறக்குறைய 90 மி.மீ. பாதரச அழுத்தம், எலியின் சொந்த ரத்த அழுத்தத்துக்கு அருகில். இரண்டு அடியில் தொங்கவிட்டால் பாதி அழுத்தம்தான் கிடைக்கும், மூளையின் நுண்குழாய்கள் திறக்காது.

கண் வைக்க வேண்டிய இடம் கல்லீரல். கருஞ்சிவப்பிலிருந்து சந்தன நிறத்துக்கு மாற வேண்டும். பி.எஃப்.ஏ. ஏறியதும் தசைகள் துடித்து, வால் விறைத்து வளையும். மூக்கு வழியே திரவம் வந்தாலோ நுரையீரல் உப்பினாலோ ஊசி இதயத்தின் நடுச்சுவரைத் துளைத்து வலப்பக்கம் போய்விட்டது. உடனே ஊசியைச் சற்றுப் பின்னுக்கு இழுங்கள். மேலே தள்ளத் தள்ள நுரையீரலுக்குத்தான் போகும், மூளைக்கு ஒரு சொட்டும் போகாது. குழாயில் ஒரு காற்றுக் குமிழி இருந்தாலும் அதே கதி. உப்புநீரிலிருந்து பி.எஃப்.ஏ.வுக்கு மாற்றும் மூவழி வால்வில்தான் குமிழி பெரும்பாலும் நுழைகிறது. நன்றாக நடந்த பெர்ஃப்யூஷனில் மூளை தந்த வெள்ளையாக, ரப்பர் போல உறுதியாக வெளிவரும். இளஞ்சிவப்பாக, கொழகொழவென்று வந்தால் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். புதன்கிழமை அது கிழியும்.

பி.எஃப்.ஏ. யார் தயாரிக்கிறார்கள் என்று எழுதவில்லை. நீங்கள்தான் என்றால் இதையும் பாருங்கள். 0.1 மோலார் பாஸ்பேட் பஃபரில் (பி.எச். மாறாமல் காக்கும் கரைசல்) லிட்டருக்கு 40 கிராம் பொடி. பஃபர் 60 டிகிரி சூடு, 65-ஐத் தாண்டக் கூடாது. 1 நார்மல் (1 N) செறிவுள்ள சோடியம் ஹைட்ராக்சைடு சில சொட்டுகள் விட்டால் தெளியும். ஆறவைத்து, வடிகட்டி, பி.எச். 7.4 சரிபார்த்து, 4 டிகிரியில் வைத்து, அதே வாரத்தில் முடித்துவிடுங்கள். எல்லாம் ஃப்யூம் ஹூடுக்குள். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. வாசனை வருகிறது என்றால் நீங்கள் அதைச் சுவாசித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

பஃபரில் ஒரு பொறி இருக்கிறது. அலமாரியில் டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் பாட்டில் இருக்கிறதல்லவா, அதன் லேபிளில் சிறிய எழுத்தில் இருக்கும் மூலக்கூறு எடையைப் படியுங்கள். 141.96 என்றால் நீரற்றது. 177.99 என்றால் இரண்டு நீர் மூலக்கூறு சேர்ந்தது. 358.14 என்றால் பன்னிரண்டு. மூன்றும் வெள்ளைப் பொடிதான், பெயரும் ஒன்றுதான். பி.எச். 7.4-ல் ஒரு லிட்டர் 0.1 மோலார் பஃபருக்கு நீரற்றதில் 11.5 கிராம் வேண்டும். அத்துடன் இருநீர் சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 2.96 கிராம். கடைக்காரர் இந்த முறை 358.14 பாட்டிலை அனுப்பியிருக்க, சுவரில் ஒட்டிய பழைய குறிப்பைப் பார்த்து அதே 11.5 கிராம் நிறுத்தால் பஃபரின் வலு பாதியாகிவிடும், பி.எச். 7-க்கு அருகே இறங்கிவிடும். பி.எச். மட்டும் சோடியம் ஹைட்ராக்சைடு விட்டுச் சரிசெய்தால் பிழை மறைந்துவிடும், வலுக் குறைவு அப்படியே இருக்கும். பி.எச். எதிர்பார்த்த இடத்தில் வராவிட்டால் சொட்டு விடாதீர்கள், லேபிளைப் படியுங்கள்.

மழைக்காலத்துப் பால் மங்கலுக்குக் காரணம் நம் கடற்கரைக் காற்று. சுத்த ஆல்கஹால் காற்றிலிருந்து ஈரத்தைக் குடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மூடி திறந்த ஜாடியில் ஒரே நாளில் அது சுத்தமாக இருப்பதை நிறுத்திவிடும். நீர் கலந்த ஆல்கஹாலிலிருந்து சைலீனுக்கு (நீரோடு கலக்காத கரைப்பான்) போனதும் ஸ்லைடு பால் போலாகும். கடைசி இரண்டு ஆல்கஹால் ஜாடிகளைப் புதிதாக்குங்கள், மூடியே வையுங்கள். சந்தேகம் இருந்தால் நீரற்ற காப்பர் சல்பேட் ஒரு சிட்டிகை போட்ட குப்பியில் கொஞ்சம் ஊற்றிப் பாருங்கள். வெள்ளைப் பொடி நீலமானால் நீர் இருக்கிறது. மங்கிய ஸ்லைடுகள் வீணில்லை. டி.பி.எக்ஸ். (கவர்ஸ்லிப்பை ஒட்டும் பசை) போட்டு மூடியிருந்தால் சைலீனில் ஊறவைத்துக் கவர்ஸ்லிப்பைக் கழற்றி, புதிய ஆல்கஹாலுக்குப் பின்னோக்கி அழைத்துப்போய் மறுபடி கொண்டுவாருங்கள். இந்த மாதங்களில் ஜெலட்டின் பூசிய ஸ்லைடில் ஏற்றிய செக்‌ஷன் மேசை மேல் காயாது. 37 டிகிரியில் ஒரு இரவு, சிலிக்கா ஜெல்லுடன் வையுங்கள். இல்லாவிட்டால் சாய ஜாடியில் மிதக்கும்.

கிரையோஸ்டாட்டைப் பற்றிச் சுருக்கமாக. ஜன்னல் மறைப்புப் பட்டைகள் போலக் குறுக்காக உடைந்தால் மூளை அதிகக் குளிரில் இருக்கிறது. −80-இலிருந்து எடுத்ததை −20-ல் உள்ள கிரையோஸ்டாட் அறையில் ஒரு மணி நேரமாவது விட்டுவிட்டு வெட்டுங்கள். சுருங்கி பிளேடில் ஒட்டினால் சூடு. மேலிருந்து கீழாகக் கோடு விழுந்தால் பிளேடில் சிதைவு, பிளேடைப் பக்கவாட்டில் நகர்த்துங்கள். ஒன்று தடிமனாக, அடுத்தது மெலிதாக வந்தால் ஏதோ ஒரு திருகு தளர்ந்திருக்கிறது. மூளையை மாற்றும்போதும் பனியைத் துடைக்கும்போதும் கைச்சக்கரத்தைப் பூட்டி, பிளேடை எடுத்துவிடுங்கள். விரல் வெட்டுப்படுவது வெட்டும்போதைவிடத் துடைக்கும்போதுதான் அதிகம்.

மின்வெட்டையும் நினைவில் வையுங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரியருகே கடந்தது. புயல் எச்சரிக்கை வந்ததும் −80 ஃப்ரீசரின் காலி இடங்களை உறைந்த நீர்ப் பெட்டிகளால் நிரப்புங்கள், மின்சாரம் போனபின் கதவைத் திறக்காதீர்கள். இன்னொன்று பலர் கவனிக்காதது. விலங்கு அறை விளக்கின் பழைய சுழல் டைமர் மின்சாரம் இல்லாதபோது நின்றுவிடும். மூன்று மணி நேரம் கரண்ட் போனால் எலிகளின் காலையும் இரவும் மூன்று மணி நேரம் தள்ளிப்போகும். நடத்தைச் சோதனையும் சி-ஃபாஸ் (நரம்பணு இயங்கியதைக் காட்டும் புரதம்) சாயமும் அத்தோடு மாறும். வந்ததும் டைமரைக் கடிகாரத்தோடு ஒப்பிடுங்கள்.

சாரிடம் எப்படிச் சொல்வது? வாதம் வேண்டாம், ஒரு பக்க அட்டவணை காட்டுங்கள். கடந்த நான்கு மாதத்து எலிகள் ஒவ்வொன்றுக்கும் எடை, பெர்ஃப்யூஷன் தேதி, கல்லீரல் நிறம், பி.எஃப்.ஏ.வில் எத்தனை மணி, சுக்ரோஸில் எத்தனை மணி, மூழ்கியதா, செக்‌ஷன் எப்படி வந்தது. குறிக்காதவற்றில் கோடு போட்டுவிடுங்கள், நினைவிலிருந்து நிரப்பாதீர்கள். "சார், மூழ்காததெல்லாம் கிழிந்திருக்கிறது, திங்கட்கிழமைக்கு மாற்றிப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். எண்களைப் பார்த்துப் பழகியவர் அவர். "கை வரவில்லை" என்பதைவிட இது அவருக்கும் பயன்படும் விடை.

பாட்டி சொன்னதை ஒதுக்கிவிடாதீர்கள். அவர் சொல்வதில் இருக்கும் கருணை இந்த வேலைக்கு வேண்டியதுதான். 1960-ம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ்தான் ஒவ்வொரு ஆய்வுக்கும் எத்தனை எலி என்று எண்ணி அனுமதி தருகிறார்கள். மூளை கிழிந்தால் அந்த எண்ணிக்கைக்கு மேல் இன்னொரு எலி கேட்க வேண்டிவரும். மயக்கம் ஆழ்ந்ததா என்று பாதத்தைக் கிள்ளிப் பார்ப்பதும், சோதனைக்கு ஒரு வாரம் முன்பிருந்தே தினமும் கையில் எடுத்துப் பழக்கி பயத்தைப் போக்குவதும், மூழ்கும்வரை காத்திருப்பதும் அந்த உயிருக்கு நீங்கள் செய்யும் மரியாதை. மனம் ஒப்பாவிட்டால் அதையும் சாரிடம் சொல்லலாம். பெர்ஃப்யூஷனை மற்றவர் செய்ய, திசு வேலையை மட்டும் நீங்கள் செய்யும் ஏற்பாடு பல ஆய்வகங்களில் உண்டு.

பி.எட். பற்றி: ஆய்வுத் திட்ட வேலைகள் நிதி இருக்கும்வரைதான், இதை வீட்டில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஆனால் நல்ல திசு டெக்னீஷியனுக்குத் தேவை இருக்கிறது. ஜிப்மர், காலாப்பட்டில் புதுச்சேரிப் பல்கலைக்கழகம், பெங்களூரில் நிம்ஹான்ஸ், ஐ.ஐ.எஸ்சி. எல்லாமே இந்தக் கை வேலையை நம்பியவை. சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் வெளியிட்ட கருவிலுள்ள சிசுவின் மூளை வரைபடத்தில் 5,132 செக்‌ஷன்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஓட்டை விழாமல் யாரோ உறைய வைத்து, வெட்டி, சாயம் ஏற்றியது. என் கருத்து, இன்னும் ஆறு மாதம் இருங்கள். புதிய அட்டவணையில் இருபது மூளை வெட்டுங்கள். வெளியேறும்போது "பத்து மாதம் பணிபுரிந்தார்" என்ற ஒற்றை வரியோடு சான்றிதழ் வாங்காதீர்கள். பெர்ஃப்யூஷன், கிரையோஸ்டாட், ஐ.எச்.சி. (ஆன்டிபாடிச் சாயம்), நிஸ்ஸில் (நரம்பணுச் சாயம்) என்று நுட்பங்களின் பெயர் அதில் இருக்க வேண்டும். அதன்பிறகும் பள்ளிக்கூடம் இழுத்தால் போகலாம். விலங்கியல் ஆசிரியைக்கு இந்த ஆறு மாதம் வீணாகாது.

இப்போது சுக்ரோஸில் இருக்கும் மூளைகளை நாளை வெட்ட எடுக்காதீர்கள். கரைசலைப் புதிதாக மாற்றி, 0.02 சதவீத சோடியம் அசைடு சேர்த்து 4 டிகிரியில் வையுங்கள், பூஞ்சை வராது. அசைடு பெராக்சிடேஸை முடக்கும் என்பதால், வெட்டிய பின் பி.பி.எஸ்.ஸில் (பாஸ்பேட் கலந்த உப்புநீர்) பத்துப் பத்து நிமிடமாக மூன்று முறை கழுவிவிட்டுத்தான் சாயத்துக்கு எடுக்க வேண்டும். ஏற்கெனவே −20-ல் உறைந்துவிட்டவற்றை உருக்கி மறுபடி உறைய வைத்தாலும் ஓட்டை மூடாது. அவற்றை எறிந்துவிடாமல் புதிய பிளேடு, புதிய ஆன்டிபாடி அளவு சோதிக்க வைத்துக்கொள்ளுங்கள்.